எங்கள் குதிரைகளின் வயிற்றுக்காக: கொடைவிழாப் பந்தயக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கோயில் கொடையை ஒட்டிக் குதிரை வண்டிப் பந்தயம் நடத்தும் விழாக் குழுவினர் அனைவருக்கும், குறிப்பாகச் செம்மணல் மேடுகள் நிறைந்த தேரிக்காட்டு ஓரத்து ஊர் ஒன்றின் குழுவினருக்கும் எழுதுவது.

சென்ற வாரம் நடந்த உங்கள் ஆலோசனைக் கூட்டத்தில், குதிரை வளர்ப்பவர்கள் ஆறு பேர் கையெழுத்திட்டுக் கொடுத்த மனுவை முழுதும் வாசிக்காமலே மடித்து வைத்துவிட்டீர்கள். பந்தயத் திடலில் குதிரைகளுக்குத் தண்ணீர், நிழல், ஒரு கால்நடை மருத்துவர் என்று மூன்றைத்தான் அதில் கேட்டிருந்தோம். மருத்துவருக்கான செலவை இந்த ஆண்டுக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டதாகச் சொன்னீர்கள். அதோடு, ‘குதிரைகளுக்கு ஏற்படும் பாதிப்புகளுக்கு விழாக் குழு பொறுப்பல்ல’ என்ற ஒரு வரியை நோட்டீஸில் சேர்க்கப்போவதாகவும் சொன்னீர்கள். அந்த வரியைக் கேட்ட பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் சென்ற ஆண்டு சித்திரையில் உங்கள் திடலில் ஓடிய என் செவலைக் குதிரை மறுநாள் விடிவதற்குள் செத்துப்போனது. ஊரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஓர் ஊரை மட்டும் பழித்துவிட்டு மற்ற ஊர்கள் தப்பித்துக்கொள்ள இடம் கொடுக்க எனக்கு மனமில்லை. சென்ற பத்தாண்டுகளில் நான் வண்டி கட்டிப் போன பெரும்பாலான திடல்களில் நிலைமை இதுவேதான்.

என் தந்தையார் திருநெல்வேலிச் சந்திப்பிலிருந்து பாளையங்கோட்டைக்கு ஜட்கா வண்டி ஓட்டியவர். ஆட்டோ வந்து ஜட்கா போன பிறகும் குதிரையை விட மனமில்லாமல் ஒன்றிரண்டை வைத்துக் காப்பாற்றினார். அவருக்குப் பின் முப்பத்திரண்டு ஆண்டுகளாக நான் லாயத்தில்தான் கண் விழிக்கிறேன். படித்துப் பட்டம் வாங்கிய மருத்துவன் அல்லன். ஆனால் குதிரையின் லத்தியை நாள்தோறும் கையால் அள்ளுகிறவனுக்கு அதன் வயிற்றைப் பற்றிச் சில செய்திகள் தெரியும். அவற்றில் பாதியைச் செவலையின் சாவுக்குப் பிறகே கற்றுக்கொண்டேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அன்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். காலை 6 மணிக்குப் பந்தயம் என்று நோட்டீஸில் அச்சிட்டிருந்தீர்கள், அதனால் 4.30 மணிக்கே வந்து டோக்கன் வாங்க வேண்டியிருந்தது. நான் மூன்று மணிக்குக் கிளம்பினேன். ஓடப்போகும் குதிரைக்கு வயிறு இலகுவாக இருக்க வேண்டும் என்று எங்களுக்குள் வழங்கிவரும் பழக்கப்படி, முந்தைய இரவுக்குப் பின் செவலைக்கு எதுவும் கொடுக்கவில்லை. பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு என்று மாட்டு வண்டிகள் முதலில் ஓடின. பிறகு சிறப்பு விருந்தினர் வரும்வரை காத்திருக்கச் சொன்னீர்கள். குதிரைகளைக் கட்ட ஒதுக்கிய இடத்தில் ஒரு பனை நிழல்கூட இல்லை. கொண்டுபோயிருந்த ஒரு கட்டுப் புல்லைச் செம்மணலில் போட்டேன். பசியில் அது மணலோடு சேர்த்து அரித்துத் தின்றது. தண்ணீர் லாரி ஒன்பது மணிக்கு வந்தது. அது ஆட்களுக்கும் மாடுகளுக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு வீட்டுக் கிணற்றில் இறைத்து இரண்டு வாளி சுமந்து வந்தேன். பழக்கமில்லாத உப்புத் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு அரை வாளிகூடக் குடிக்கவில்லை. நடுக்குதிரைப் பந்தயத்துக்குக் கொடி அசைந்தபோது மணி 12.20. உச்சி வெயிலில் போக வர எட்டுக் கிலோமீட்டர் ஓடி மூன்றாவதாக வந்தது.

மூன்று மணிக்குச் செவலை முன்காலால் தரையைப் பறிக்கத் தொடங்கியது. பிறகு தலையைத் திருப்பித் தன் விலாவையே பார்த்தது, மேலுதட்டைச் சுருட்டியது, மூத்திரம் பெய்வதுபோல் உடலை நீட்டி நின்றது, ஆனால் ஒன்றும் வரவில்லை. காலையிலிருந்து அது லத்தி போடவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுற்றி நின்றவர்கள் களைப்பு என்றார்கள். பெரியவர் ஒருவர் நல்லெண்ணெயில் இஞ்சிச்சாறு கலந்து மூங்கில் குழாயால் வாயில் ஊற்றினார். அதில் கொஞ்சம் மூக்கு வழியே வந்ததும் பயந்து நிறுத்தச் சொன்னேன். ஒலிபெருக்கியில் மருத்துவரைக் கேட்டு மூன்று முறை அறிவித்தீர்கள். திடலில் மருத்துவர் இல்லை. பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் ஆறரை மணிக்கு வந்தார். வந்தவர் தாடையின் அடியில் விரல் வைத்துப் பார்த்தார். நாடி நிமிடத்துக்கு 80ஐத் தாண்டியிருந்தது. மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் செலுத்தியதும் காற்றும் பச்சைத் தண்ணீருமாகப் பீறிட்டது. வலி ஊசி போட்டார். இது நம் கையை மீறிக்கொண்டிருக்கிறது, உடனே ஏற்றுங்கள் என்றார். குட்டியானை என்ற சிறு சரக்கு வண்டியில் ஏற்றி நான்கு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனோம். இரண்டு மணிக்கு, வழியிலேயே, அது என் மடியில் தலை வைத்து மூச்சை விட்டது.

மறுநாள் அறுத்துப் பார்த்தபோது பெருங்குடல் முழுதும் காய்ந்த தீனி செங்கல் சூளை மண்போல இறுகிக் கிடந்தது. அதன் அடியில் செந்நிற மணல் இரண்டு படி இருந்தது. மருத்துவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: இந்த மணல் ஒரு நாளில் சேர்ந்ததல்ல, பல மாதங்களாகச் சேர்ந்தது, ஆனால் தண்ணீர் இல்லாமல் வெயிலில் நின்ற அந்த ஒரு நாள் இல்லாதிருந்தால் இப்படி அடைத்திருக்காது. ஆகவே, என் பங்கு இதில் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வீட்டில் தரையில் தீனி போட்டவன் நான். வெறும் வயிற்றோடு கூட்டி வந்தவன் நான். ஓடி முடித்து வியர்வை காய்வதற்குள், மூன்றாம் பரிசு வாங்கிய மகிழ்ச்சியில், ஊறவைத்திருந்த கொள்ளுப் பயறாகிய காணத்தை முழுவதும் வைத்தவனும் நான்தான். என் தவறுகளை நான் ஒப்புக்கொண்டதால்தான் உங்கள் தவறுகளை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லும் உரிமை எனக்கு வந்திருக்கிறது என்று நம்புகிறேன்.

உங்களில் பெரும்பாலானவர்கள் பரம்பரையாக மாடு வளர்த்தவர்கள். பந்தய நாளின் ஒழுங்கு முழுவதையும் மாட்டின் வயிற்றை மனத்தில் வைத்தே வகுத்திருக்கிறீர்கள். சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. மாட்டுக்குப் பெரிய இரைப்பை உண்டு. விடியலில் மேய்ந்ததைச் சேர்த்து வைத்துக்கொண்டு, நிழலில் படுத்து, மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும். அரை நாள் காத்திருந்தாலும் அதன் வாய்க்கு வேலை இருக்கும். குதிரைக்கு அசை கிடையாது. வளர்ந்த குதிரையின் இரைப்பை ஏறத்தாழ 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அவ்வளவு பெரிய உடம்புக்கு அது மிகச் சிறியது. கொஞ்சம் கொஞ்சமாக நாளுக்குப் பதினாறு மணி நேரம் மேய்ந்துகொண்டே இருப்பதற்காக அமைந்த உடம்பு அது. தின்றாலும் தின்னாவிட்டாலும் அதன் இரைப்பையில் அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும். அந்த அமிலத்தைத் தணிக்கும் எச்சிலோ மெல்லும்போது மட்டுமே சுரக்கும். வெறும் வயிற்றோடு ஓடும் குதிரைக்கு அந்த அமிலம் இரைப்பையின் மேற்பகுதியில் தெறித்துப் புண்ணாக்குகிறது. பந்தயக் குதிரைகள் பலவற்றுக்கு வயிற்றுப்புண் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஓட்டத்துக்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்ற எங்கள் பழக்கம் தானியத்துக்கு மட்டுமே பொருந்தும். ஓடுவதற்குச் சற்று முன் ஒரு பிடி அருகம்புல் மென்றிருந்தால் அது குதிரைக்குக் காப்பு.

இன்னொன்றையும் மாடு வளர்த்தவர்கள் அறிய வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் உள்ள தசை உள்ளே மட்டும் விடுமே தவிர வெளியே விடாது. தீனி மிகுந்து புளித்தால் காற்று மேலே வர வழியில்லாமல் இரைப்பையே வெடித்துவிடுவது உண்டு. அன்று மருத்துவர் செலுத்திய குழாய் அதற்காகத்தான். வாயில் எண்ணெய் ஊற்றுவது எவ்வளவு ஆபத்தானது என்பதும் இதோடு சேர்த்து அறிய வேண்டியது. வலியில் துடிக்கும் குதிரை விழுங்காமல் விட்டால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

நார்த்தீனி செரிப்பது கடைசியில், பெருங்குடலில்தான். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்கவைத்துக் குதிரைக்குச் சத்தாக்கித் தருகின்றன. அந்தக் குடல் அகன்று போய்ச் சட்டென்று குறுகித் திரும்பும் வளைவு ஒன்று உண்டு. தண்ணீர் குறைந்தால் தீனி காய்ந்து அங்கேதான் அடைக்கும். சாதாரண நாளிலேயே ஒரு குதிரைக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். அக்கினி நட்சத்திர வெயிலில் வண்டி இழுக்கும் குதிரை ஒரு மணி நேரத்தில் வியர்வையாகவே 10 லிட்டருக்கு மேல் இழந்துவிடக்கூடும். அதற்கு நீங்கள் தண்ணீர் லாரியில் ஒரு வாளிகூட ஒதுக்கவில்லை.

தேரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திசையன்விளை, குட்டம் பக்கத்துத் தேரியிலும் திருச்செந்தூர் பக்கத்துத் தேரியிலும் காற்றடித்தால் சோற்றிலேயே மணல் விழும். தரையில் போட்ட தீனியை உதட்டால் துழாவித் தின்னும் குதிரைக்குள் அந்த மணல் போகிறது. கனமாதலால் அதில் பெரும்பகுதி லத்தியோடு வெளியேறாமல் குடலின் அடியில் தங்கிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க எந்த இயந்திரமும் வேண்டாம். புது லத்தியில், தரையைத் தொடாத உருண்டைகளாக ஐந்தாறு எடுத்து, கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் விட்டுக் கரைத்து, கால் மணி நேரம் அசைக்காமல் வைத்தால் அடியில் மணல் படிவது கண்ணுக்குத் தெரியும். இன்று என் மூன்று குதிரைகளுக்கும் மாதம் ஒரு முறை இதைச் செய்கிறேன்; சிமெண்டுத் தொட்டியில்தான் தீனி வைக்கிறேன். ஆனால் பந்தய நாளில் உங்கள் திடலில் வைக்க ஒரு தொட்டியும் இல்லை, விரிக்க ஒரு தார்ப்பாயும் இல்லை.

நம் மண்ணில் குதிரை இப்படிச் சாவது புதிதல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ, தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தருகே இருந்த காயல் துறைமுகத்தில் பாரசீக வளைகுடா வாயிலின் ஓர்முசிலிருந்தும் அரபு நாட்டு ஏடனிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கியதை எழுதியிருக்கிறார். அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கியும், பேணத் தெரிந்தவர்கள் இல்லாமையால் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை என்றும், சோற்றோடு வேகவைத்த இறைச்சியைத் தீனியாகக் கொடுத்தார்கள் என்றும் அவர் குறிப்பிடுகிறார். எழுநூறு ஆண்டுக்கு முன் நம்மவர்கள் குதிரையைப் பேணும் முறை அறியாமல் செய்தார்கள். சாஸ்தா கோயில் வாசலில் மண்குதிரை செய்து வைத்துக் கும்பிடும் ஊர்க்காரர்களாகிய நாம், அறிந்துகொள்ள வாய்ப்பிருந்தும் மனுவை மடித்து வைப்பது அந்த அறியாமையைவிடப் பெரிய குற்றம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கூட்டத்தில் நீங்கள் சொன்ன மறுப்புகளுக்கு வருகிறேன். ‘குதிரையைப் பார்த்துக்கொள்வது குதிரைக்காரன் பொறுப்பு’ என்றீர்கள். உண்மைதான். எங்களிடம் குறைகள் நிறைய இருக்கின்றன. குதிரை வாங்கப் போனால் சுழி பார்க்கிறோம், நிறம் பார்க்கிறோம். கடைவாய்ப் பல் கூராகி மெல்ல முடியாமல் புல்லை உருட்டித் துப்புகிறதா என்று பார்ப்பதில்லை. வைக்கோலையே மூட்டை மூட்டையாகப் போடுகிறோம். பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது திடீரென்று காணத்தையும் மக்காச்சோளத்தையும் இரட்டிப்பாக்குகிறோம். தீனியை மாற்றப் பத்து நாளாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும், செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய்ப் புளித்தால் வயிற்றோடு குளம்பும் கெட்டுக் குதிரை முடமாகும் என்பதும் எங்களில் பலருக்குத் தெரியாது. இவற்றையெல்லாம் நாங்கள் திருத்திக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் விடியற்காலம் வரச் சொல்லி நண்பகலில் ஓட விடும் முடிவு எங்கள் கையில் இல்லை. திடலுக்குள் வந்த பிறகு குதிரையை எங்கே கட்டுவது, எப்போது அவிழ்ப்பது, எந்தத் தண்ணீரைத் தொடுவது என்பதெல்லாம் உங்கள் கட்டளை. நுழைவுக் கட்டணம் வாங்கும் குழுவுக்குக் கட்டளையிடும் உரிமையோடு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது.

‘செலவு’ என்றீர்கள். வாணவேடிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் விளம்பரப் பதாகைக்கும் போகும் பணத்தை நான் குறை சொல்லவில்லை. கொடை என்றால் அவை இருக்கத்தான் வேண்டும். ஆனால் மருத்துவருக்கு ஒரு நாள் ஆகும் செலவு முதல் பரிசுத் தொகையில் ஒரு சிறு பகுதி. ஜல்லிக்கட்டில் காளைகளைக் கால்நடை மருத்துவர்கள் பரிசோதித்த பிறகே வாடிவாசலுக்கு அனுப்புகிறார்கள். அந்த முறையை எல்லாரும் ஏற்றுக்கொண்டோம். வண்டி இழுக்கும் குதிரைக்கு அதே நியாயம் பொருந்தாது என்று யாராவது எனக்கு விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன்.

‘பொறுப்பல்ல’ என்று அச்சிட்டால் பொறுப்பு போய்விடாது என்பதையும் மரியாதையோடு சொல்லிவிடுகிறேன். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் போதிய உணவும் நீரும் நிழலும் தராமல் வைத்திருப்பதையே குற்றம் என்கிறது. 1965ஆம் ஆண்டு விதிகள், வெப்பம் 37 டிகிரி செல்சியசைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வண்டி இழுக்கும் விலங்குகளை வேலை வாங்கக் கூடாது என்கின்றன. 12.20 மணிக்குக் கொடி அசைத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வழக்குப் போடுவது என் நோக்கமாக இருந்திருந்தால் சென்ற ஆண்டே செய்திருப்பேன்.

இனி நான் கேட்பவை. நோட்டீஸில் சேர்க்கவிருக்கும் ‘பொறுப்பல்ல’ என்ற வரியைக் கைவிடுங்கள். அந்த இடத்தில் குதிரைகளுக்குச் செய்யப்பட்டுள்ள ஏற்பாடுகளை அச்சிடுங்கள். குதிரைப் பந்தயத்தை மாட்டுப் பந்தயத்துக்கு முன்னால் வையுங்கள், ஏனென்றால் காத்திருக்கும் வலு மாட்டின் வயிற்றுக்கு உண்டு. காலை எட்டு மணிக்குள் குதிரைகள் எல்லாம் ஓடி முடிக்க வேண்டும். விருந்தினர் வரவில்லை என்றால் ஊர்ப் பெரியவர் ஒருவர் கொடி அசைக்கட்டும். தாமதமாகி வெயில் ஏறிவிட்டால் அன்றைய ஓட்டத்தை மாலைக்குத் தள்ளி வையுங்கள். குதிரை கட்டும் இடத்தில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, பத்துக் குதிரைக்கு ஒன்று என்ற கணக்கிலாவது நல்ல தண்ணீர்த் தொட்டி வைத்து, தீனி மணலில் விழாமல் இருக்கத் தார்ப்பாயோ பழைய டயர்த் தொட்டியோ கொடுங்கள்.

மருத்துவர் ஒருவர் முதல் வண்டி வருவதிலிருந்து கடைசி வண்டி போய் இரண்டு மணி நேரம் ஆகும்வரை திடலில் இருக்க வேண்டும், ஏனென்றால் வயிற்றுவலி பெரும்பாலும் ஓட்டம் முடிந்து, கூட்டம் கலைந்த பிறகே காட்டும். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கொடைக்கு ஒரு மாதம் முன்பே கடிதம் எழுதி வழிகாட்டுதல் கேளுங்கள், எழுதித் தர நான் தயார். 1962 என்ற கால்நடை அவசர ஊர்தி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி மேடையருகே கட்டுங்கள். டோக்கன் கொடுக்கும் மேசையில் ஒவ்வொரு குதிரைக்கும் நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: விடியலிலிருந்து லத்தி போட்டதா, தண்ணீர் குடித்ததா, ஈறு ஈரமாக இளஞ்சிவப்பில் இருக்கிறதா, அமைதியாக நிற்கும்போது நாடி எவ்வளவு. நலமான குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். ஓய்விலும் 60ஐத் தாண்டினால் அந்தக் குதிரை ஓடக் கூடாது. விலாவில் காது வைத்துக் கேட்டால் குடல் இரைவது கேட்க வேண்டும். சத்தமே இல்லாத வயிறு ஆபத்தான வயிறு. இதைப் பார்க்க உங்கள் ஊர் இளைஞர்கள் நால்வருக்கு ஒரே நாளில் என்னால் சொல்லித்தர முடியும், கூலி வேண்டாம். தகுதியில்லை என்று திருப்பி அனுப்பும் குதிரைக்கு நுழைவுக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அப்போதுதான் எங்களவர்கள் நோயை மறைக்கமாட்டார்கள்.

ஆனி கடைசியில் நோட்டீஸ் அச்சுக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். அதற்குள் குழுவைக் கூட்டி, எங்கள் ஆறு பேரையும் அழைத்து, இவற்றுக்கு எழுத்தில் பதில் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பதில் வரும்வரை நாங்கள் அறுவரும் உங்கள் திடலுக்கு வண்டி கட்டப்போவதில்லை.

இப்படிக்கு,
குதிரை வளர்ப்பவன் ஒருவன்,
பாளையங்கோட்டை